திருகோணமலையில் டூப்ளிகேட் பிரிட்ஜ்: முதல்முறை சோடியாக இறங்குகிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேணும்?

உட்துறைமுகம் எழுதியது:

வணக்கம். எங்கட ஊரில் ஐந்து மேசை போட்டு, பத்துச் சோடிக்கு ஒரு சின்ன டூப்ளிகேட் போட்டி வைக்க யோசிக்கிறோம். வரப்போகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் 304 என்ற சீட்டாட்டத்தில் ஊறினவர்கள். பிரிட்ஜைப் போனில் கணினியோடு ஆடிப் பழகியிருக்கிறார்கள். எதிரே ஒரு மனிசரை பாட்னராக வைத்து, நாலு பொக்கற் உள்ள தட்டிலிருந்து கடதாசி எடுத்து ஆடுவது புதிது. போட்டிக்கு முன்னம் ஒரு சோடி எதையெல்லாம் பேசி முடிவெடுக்க வேணும், அன்றைக்கு மண்டபத்தில் என்ன சாமான் வேணும், எது வழக்கமாகப் பிழைக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் விபரமாக எழுதினால் உதவி. மேலோட்டமாக இல்லாமல் கணக்கோடு எழுதுங்கோ.

உவர்மலை எழுதியது:

முதலில் ஸ்கோர் எப்படி வருகிறது என்பதை எல்லாரும் விளங்கிக்கொள்ள வேணும் தம்பி. அது விளங்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. வீட்டில் ஆடும்போது நல்ல கை வந்தவர் வெல்லுவார். டூப்ளிகேட்டில் நீங்கள் பிடித்த அதே 13 கடதாசியை மற்ற நாலு மேசையிலும் அதே திசையில் இருப்பவர்கள் பிடிக்கிறார்கள். உங்கட போட்டி அவர்களோடுதான். மேசையில் உங்களுக்கு எதிரே இருக்கிற சோடி அந்த ஒப்பீட்டுக்கு ஒரு வழி மட்டுமே.

12ஆம் போர்டை, அதாவது நாலு கையும் வைத்த 12ஆம் தட்டை எடுங்கோ. அதில் மேற்கு டீலர் (ஏலத்தைத் தொடங்குகிறவர்), வடக்கு-தெற்கு வல்னரபிள் (பரிசும் தண்டமும் கூடுதலான நிலை). ஐந்து மேசையில் வடக்கு-தெற்குக்கு வந்த ஸ்கோர் இப்படி என்று வைப்போம். ஒரு மேசையில் நாலு ஸ்பேட் கேட்டு (ஸ்பேட் துரும்பாக 6+4, பத்துப் பிடி எடுப்போம் என்ற ஏலம்) 11 பிடி, 650. இன்னொன்றில் மூன்று நோ ட்ரம்ப் (துரும்பு இல்லாத ஆட்டம்) கேட்டு 10 பிடி, 630. அடுத்ததில் நாலு ஸ்பேட் கேட்டு சரியாக 10 பிடி, 620. நாலாவதில் மூன்று ஸ்பேட்டிலேயே நின்று 10 பிடி, 170. ஐந்தாவதில் நாலு ஸ்பேட் ஒரு பிடியால் விழுந்து, கழித்தல் 100. ஒவ்வொருவரும் தன்னைவிடக் குறைந்த ஸ்கோர் எடுத்த சோடி ஒன்றுக்கு 2 புள்ளி, சமமான சோடிக்கு 1 புள்ளி பெறுவார். ஆக 650க்கு 8, 630க்கு 6, 620க்கு 4, 170க்கு 2, விழுந்தவருக்கு 0. கிழக்கு-மேற்குச் சோடிகளுக்கு இதன் மீதி, அதாவது 0, 2, 4, 6, 8.

இதில் கவனிக்க வேண்டியது 630க்கும் 620க்கும் உள்ள வித்தியாசம். பத்தே பத்துப் புள்ளி. ஆனால் போர்டின் கால்பங்கு அங்கே போய்விட்டது. 170க்கும் 620க்கும் இடையில் 450 இருந்தும் இழப்பு அதே 2 புள்ளிதான். எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது இங்கே கணக்கில்லை, எத்தனை பேரைத் தாண்டினீர்கள் என்பதே கணக்கு. ஸ்லாம் (12 அல்லது 13 பிடி ஏலம்) வருகிற போர்டும், ஒரு நோ ட்ரம்பில் முடிகிற போர்டும் ஒரே எடை. அதனால் "சின்னக் கை தானே" என்று அலட்சியமாக ஆடுகிற சோடி நாள்முடிவில் கீழேதான் நிற்கும்.

கச்சான்காற்று எழுதியது:

சாமான் பற்றி நான் சொல்கிறேன். ஐந்து மேசைக்கு ஐந்து சுற்று. சுற்றுக்கு நாலு போர்ட் என்றால் 20 தட்டு, 20 கட்டுக் கடதாசி. ஐந்து போர்ட் வைத்தால் 25. பழகினவர்கள் ஒரு போர்டை ஏழு, ஏழரை நிமிடத்தில் முடிப்பார்கள். புதியவர்களுக்கு ஒன்பது நிமிடம் கணக்கு வையுங்கோ. 20 போர்ட் சரியாக மூன்று மணித்தியாலம் எடுக்கும். 25 வைத்தால் கடைசிச் சுற்றில் எல்லாரும் களைத்து, விளையாட்டு கெட்டுப்போகும். முதல் போட்டிக்கு 20 போதும்.

தட்டு வாங்க வழியில்லாவிட்டால் தடித்த மட்டையில் நாலு உறை ஒட்டிச் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் போர்ட் இலக்கம், வடக்கைக் காட்டும் அம்புக்குறி, டீலர், யார் வல்னரபிள் என்ற நாலும் தெளிவாக இருக்க வேணும். டீலர் 1இல் வடக்கு, 2இல் கிழக்கு, 3இல் தெற்கு, 4இல் மேற்கு, பிறகு அதே சுழற்சி. வல்னரபிள் இப்படி வரும்: 1 ஒருவரும் இல்லை, 2 வடக்கு-தெற்கு, 3 கிழக்கு-மேற்கு, 4 இருவரும். அடுத்த நாலில் ஒரு படி நகர்ந்து, 5 வடக்கு-தெற்கு, 6 கிழக்கு-மேற்கு, 7 இருவரும், 8 ஒருவரும் இல்லை. அதே மாதிரி 9 கிழக்கு-மேற்கில் தொடங்கும், 13 இருவரிலும் தொடங்கும். 17ஆம் போர்ட் திரும்ப 1ஆம் போர்ட் மாதிரி.

கடதாசி வாங்கும்போது பிரிட்ஜ் அளவு, அதாவது 57 மில்லிமீற்றர் அகலம் என்று பார்த்து வாங்குங்கோ. 63 மில்லிமீற்றர் அகலமான போக்கர் அளவில் 13 கடதாசியை விரித்துப் பிடிப்பது கை சிறியவர்களுக்குக் கஷ்டம். நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் சாதாரண மட்டைக் கடதாசி ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டு சேர்ந்து வந்தால் ஒரு கையில் 14, இன்னொன்றில் 12. முழுப் பிளாஸ்டிக் கடதாசி விலை கூட, ஆனால் எங்கட காலநிலைக்கு அதுதான் சரி. மே முதல் செப்டம்பர் வரை வேறு பிரச்சினை. கச்சான் காற்று அடிக்கிற நேரம் யன்னல் திறந்த மண்டபத்தில் ஸ்கோர் தாள் பறக்கும், டமியின் (மேசையில் விரித்து வைத்த கையின்) கடதாசி புரளும். மேசையை யன்னல் பக்கம் போடாமல், மேலே தடித்த கம்பளித் துணி விரியுங்கோ. வழுக்குகிற மேசையில் பிடிகளை வரிசையாக வைக்க முடியாது.

304காரருக்கு இன்னுமொன்று. 304இல் நாலு நாலாகப் பங்குவோம். டூப்ளிகேட்டில் அப்படிப் பங்கக் கூடாது. கட்டில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கடதாசி ஒரே கைக்குப் போகக் கூடாது என்பது சட்டம். ஒவ்வொன்றாகத்தான் போட வேணும். வடிவாகக் குலைத்துப் பங்குங்கோ.

டைக்வீதி எழுதியது:

கச்சான் அண்ணா, சோடிகள் எப்படி இடம் மாறுவது? இரண்டு வெற்றியாளர் வருமா, ஒருவரா?

கச்சான்காற்று எழுதியது:

மிற்சல் முறையில் வடக்கு-தெற்குச் சோடிகள் அதே மேசையில் இருப்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கிழக்கு-மேற்கு ஒரு மேசை மேலே போகும், 1இலிருந்து 2க்கு, 5இலிருந்து 1க்கு. போர்ட்கள் ஒரு மேசை கீழே வரும், 2இலிருந்து 1க்கு, 1இலிருந்து 5க்கு. ஐந்து சுற்றில் எல்லாக் கிழக்கு-மேற்கும் எல்லா வடக்கு-தெற்கையும் சந்தித்து, எல்லாப் போர்டையும் ஆடி முடிந்துவிடும். இதில் இரண்டு வெற்றியாளர். வடக்கு-தெற்கில் ஒரு சோடி, கிழக்கு-மேற்கில் ஒரு சோடி.

ஒரே வெற்றியாளர்தான் வேணும் என்றால் ஹவல் முறை. பத்துச் சோடிக்கு ஒன்பது சுற்று, சுற்றுக்கு இரண்டு போர்ட், மொத்தம் 18. ஆனால் கிட்டத்தட்ட எல்லாரும் ஒவ்வொரு சுற்றும் மேசையும் திசையும் மாற வேணும். மேசைக்கு மேசை வழிகாட்டிக் கார்ட் இல்லாமல் அது ஓடாது. ஒரு சோடி தவறான மேசையில் இருந்தாலே பிறகு வருகிற சுற்றுகள் எல்லாம் சிக்கும். முதல் போட்டிக்கு நான் மிற்சல்தான் சொல்வேன்.

சல்லிக்கரை எழுதியது:

ஹவலையும் ஒதுக்கிவிடாதேங்கோ. இரண்டு கோப்பை கொடுப்பது சிலருக்குப் பிடிக்காது. என்றாலும் டைரக்டரும் (போட்டியை நடத்துகிறவரும்) புதியவர் என்றால் மிற்சல்தான் பாதுகாப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

சோடிப் பேச்சுக்கு வருவோம். இரண்டுபேரும் ஒரு கொப்பியை நடுவில் வைத்து இருந்து எழுதுங்கோ. மனதில் வைத்தால் மேசையில் இரண்டுபேருக்கும் இரண்டு ஞாபகம் வரும். அடிப்படை இது போதும்: ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1, கட்டில் மொத்தம் 40. 12க்கு மேல் இருந்தால் தொடங்குவோம். ஸ்பேட், ஹார்ட் இரண்டிலும் ஒன்று கேட்டால் குறைந்தது ஐந்து கடதாசி. ஒரு நோ ட்ரம்ப் என்றால் சமநிலைக் கை, 15 முதல் 17. இரண்டு கிளப் மட்டும் மிகப் பெரிய கைக்கு, 22 அல்லது அதற்கு மேல். இரண்டு டயமண்ட், இரண்டு ஹார்ட், இரண்டு ஸ்பேட் மூன்றும் ஆறு கடதாசியுள்ள பலவீனக் கை, 6 முதல் 10. இரண்டு கையிலும் சேர்த்து 25 அளவில் கேம் (மேலதிகப் பரிசு கிடைக்கிற ஏலம்), 33இல் சின்ன ஸ்லாம், 37இல் பெரிய ஸ்லாம்.

பாட்னரின் ஒரு நோ ட்ரம்புக்குப் பதில் சொல்லும்போது இரண்டு கிளப் ஸ்டேமன் (நாலு கடதாசி ஹார்ட்டோ ஸ்பேட்டோ இருக்கா என்ற கேள்வி), இரண்டு டயமண்ட் ஹார்ட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் (அந்தச் சூட்டைப் பாட்னரைக் கேட்க வைப்பது), இரண்டு ஹார்ட் ஸ்பேட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். பிழைப்பது எங்கே என்றால், நடுவில் எதிரணி பேசினால் என்ன செய்வது என்று ஒருவரும் பேசி வைப்பதில்லை. பாட்னர் ஒரு நோ ட்ரம்ப் கேட்கிறார், அடுத்தவர் டபிள் (தண்டத்தையும் பரிசையும் கூட்டும் அழைப்பு) சொல்கிறார், நீங்கள் இரண்டு ஹார்ட் கேட்கிறீர்கள். அது ஸ்பேட்டா, ஹார்ட்டா? ஒரு எளிய விதி வையுங்கோ. டபிள் சொன்னால் எல்லாப் பதிலும் முன்னைய மாதிரியே. வேறு சூட் கேட்டு மறித்தால் ட்ரான்ஸ்ஃபரும் ஸ்டேமனும் நிறுத்தம், கேட்டது கேட்டதுதான். இதைவிடச் சிறந்த ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனால் மறக்காத ஏற்பாடு இது.

நாலு நோ ட்ரம்ப் கேட்டால் ஏஸ் எத்தனை என்ற கேள்வி. ஐந்து கிளப் என்றால் ஒன்றும் இல்லை அல்லது நாலு, டயமண்ட் ஒன்று, ஹார்ட் இரண்டு, ஸ்பேட் மூன்று. எப்போது நாலு நோ ட்ரம்ப் ஏஸ் கேள்வி இல்லை என்பதையும் எழுதுங்கோ. பாட்னர் கடைசியாகக் கேட்டது நோ ட்ரம்ப் என்றால் அது ஏஸ் கேள்வி இல்லை, ஆறுக்கு அழைப்பு. இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டு ஸ்லாம் இழக்கிற சோடிகள் ஏராளம்.

டைக்வீதி எழுதியது:

12 முதல் 14 வரையான பலவீன நோ ட்ரம்ப் ஆடினால் எதிரணியை மறிக்கலாமே? சோடிப் போட்டிக்கு அது நல்லது என்று படித்தேன்.

உவர்மலை எழுதியது:

நல்லதுதான், ஆனால் டபிள் வாங்கினால் எப்படித் தப்புவது என்பதற்குத் தனி ஏற்பாடு வேணும். வல்னரபிளில் டபிளோடு இரண்டு பிடி விழுந்தால் கழித்தல் 500. அந்தப் போர்டில் எதிரணிக்கு ஒரு பார்ட் ஸ்கோரே (கேமுக்குக் குறைந்த ஏலத்தின் ஸ்கோர்) இருந்திருக்கும். அதைவிட முக்கியம், மற்ற நாலு மேசையும் 15-17 ஆடும்போது நீங்கள் மட்டும் 12-14 ஆடினால் ஒவ்வொரு சமநிலைக் கையிலும் உங்கட ஏலம் வேறு வழியில் போகும். லாபமும் நட்டமும் ஏறி இறங்கும். முதல் போட்டியில் பாட்னரும் நீங்களும் ஒரே அலைவரிசையில் இருப்பதுதான் தேவை. கூட்டத்தோடு அதே கொன்ட்ராக்டுக்கு (ஏலத்தின் முடிவுக்கு) போய், அங்கே ஒரு பிடி கூட எடுப்பதுதான் நம்பக்கூடிய வழி.

பார்ட் ஸ்கோர் போர்டுகளில்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். இரண்டு ஸ்பேட்டில் சரியாக எட்டுப் பிடி 110. எதிரணியை இரண்டு ஸ்பேட்டில் நிம்மதியாக விட்டால் உங்களுக்குக் கழித்தல் 110 அல்லது 140. நீங்கள் மூன்று ஹார்ட்டுக்கு ஏறி, வல்னரபிளாக ஒரு பிடி விழுந்தால் கழித்தல் 100 மட்டுமே. அது 110ஐ விட நல்லது. ஆனால் அவர்கள் டபிள் சொல்லிவிட்டால் அதே ஒரு பிடி கழித்தல் 200. சாதாரணமாகப் பார்ட் ஸ்கோர் 200ஐ எட்டாது, ஆகவே அது அடிமட்டம். வல்னரபிள் இல்லாத நேரம் ஏறிப் போராடலாம். வல்னரபிள் என்றால் இரண்டுபேருக்கும் சேர்த்துத் துரும்பு எத்தனை என்று எண்ணிப் பார்த்து ஏறுங்கோ. எட்டுத் துரும்பு என்றால் இரண்டாம் மட்டம், ஒன்பது என்றால் மூன்றாம் மட்டம். பிரான்ஸ் நாட்டு ழான்-ரெனே வேர்ன் 1966இல் எழுதி வைத்த மொத்தப் பிடி விதியிலிருந்து வந்தது இந்த அளவு. மற்றப் பக்கமாகவும் நினையுங்கோ. எதிரணி வல்னரபிளாக மூன்றாம் மட்டத்துக்கு ஏறி, விழும் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் டபிள் சொல்லத் தயங்காதேங்கோ. 100ஐ 200 ஆக்குவதில்தான் போர்ட் வெல்கிறது.

நிலாவெளிமணல் எழுதியது:

304 பழக்கம் எங்கே குழப்பும் என்று ஒருவரும் இன்னும் முழுதாக எழுதவில்லை. ஜாக், 9, ஏஸ், 10 என்ற வரிசை பத்துப் பதினைந்து கையில் போய்விடும். அது பெரிய விசயம் இல்லை. ஆபத்தானது வேறு. 304இல் கடதாசிக்குத்தான் புள்ளி, பிடிக்கு இல்லை. பாட்னர் ஒரு பிடியை எடுக்கப் போகிறார் என்றால் 11 உள்ள ஏஸையோ 10ஐயோ அதற்குள் இறக்கிக் கொடுப்போம். கை தானாகவே அப்படிப் போகும். பிரிட்ஜில் எல்லாப் பிடியும் ஒரே பெறுமதி. பாட்னர் ஏஸ் போட்ட சூட்டில் நீங்கள் உங்கட 10ஐ இறக்கினால் இரண்டு நட்டம். பிறகு பிடி எடுக்க வேண்டிய 10 வீணாகிவிட்டது. மேலும் பெரிய கடதாசி போட்டால் "இதையே தொடர்ந்து ஆடு" என்று பாட்னர் வாசிப்பார். அவர் அதைத் தொடர்ந்து, டிக்ளேரருக்கு (ஏலத்தை வென்று ஆடுகிறவருக்கு) ஒரு பிடியைப் பரிசாகக் கொடுப்பார்.

ஆகவே சைகையைப் பேசி வையுங்கோ. பாட்னர் லீட் செய்த (பிடியில் முதலாவதாக இறக்கிய) சூட்டில் பெரியது போட்டால் விருப்பம், சின்னது போட்டால் விருப்பமில்லை. டிக்ளேரர் ஆடுகிற சூட்டில் பெரியது பிறகு சின்னது என்றால் இரட்டை எண்ணிக்கை. வேறு சூட்டில் கழிக்கும்போதும் அதே விருப்ப முறை. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

லீட்டுக்கும் ஒரு முறை. நோ ட்ரம்புக்கு எதிராக நீளமான சூட்டில் மேலிருந்து நாலாவது கடதாசி. அப்படி ஆடினால் பதினொன்று விதி உங்களுக்குக் கிடைக்கும். லீட் செய்த இலக்கத்தை 11இலிருந்து கழியுங்கோ. மற்ற மூன்று கையிலும் அந்தக் கடதாசியை விடப் பெரியவை எத்தனை என்பது அதுதான். எதிரணி மூன்று நோ ட்ரம்ப் ஆடுகிறது, பாட்னர் ஸ்பேட் 6 லீட் செய்கிறார் என்று வைப்போம். டமியில் குயின், 8, 3. உங்கட கையில் கிங், 10, 7. கழித்தால் ஐந்து. டமியில் 6ஐ விடப் பெரியது இரண்டு, உங்களிடம் மூன்று. ஐந்தும் முடிந்தது. டிக்ளேரரிடம் 6ஐத் தாண்டியது ஒன்றும் இல்லை! டமியிலிருந்து 3 வந்தால் பழக்கத்தில் கிங்கைப் போடாதேங்கோ, 7 போடுங்கோ, அது பிடி எடுக்கும். அடுத்து கிங், அதற்கடுத்து 10. பாட்னர் மூன்றாவது சுற்றில் ஏஸ் போட்டு டமியின் குயினை விழுத்துவார், பிறகு அவரின் ஜாக். நாலு பிடி. முதலில் கிங்கைப் போட்டிருந்தால் டமியின் குயின் எப்படியும் ஒரு பிடி எடுத்துவிடும், உங்களுக்கு மூன்றுதான். அந்த ஒரு பிடி சோடிப் போட்டியில் அநேகமாக முழுப் போர்டையும் தீர்மானிக்கும்.

சல்லிக்கரை எழுதியது:

மணல் தம்பி எழுதினது அருமை. பாட்னரின் முறை தெரியாமல் 6ஐப் பார்த்தால் இது எதுவும் வாசிக்க முடியாது.

304 மேசையில் இன்னொரு பழக்கம், முகத்தாலும் நேரத்தாலும் பேசுவது. கடதாசியை ஓங்கி அடிப்பது, பெருமூச்சு, "ஆடு ஆடு" என்று பாட்னரைத் தூண்டுவது. டூப்ளிகேட்டில் சட்டம் 16 இதற்கென்றே இருக்கிறது. எதிரணி நாலு ஸ்பேட் கேட்கிறது, உங்கட பாட்னர் நெடுநேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொல்கிறார். அந்த யோசனை உங்களுக்கு ஒரு செய்தி. அதைப் பயன்படுத்தி நீங்கள் டபிள் சொன்னால், உங்கட கையை மட்டும் பார்த்தால் பாஸும் நியாயமான தெரிவாக இருந்தால், டைரக்டர் ஸ்கோரை மாற்றுவார். யோசிப்பது குற்றமில்லை. பாட்னரின் யோசனையால் பயனடைவதுதான் குற்றம். ட்ரான்ஸ்ஃபரிலும் இதே நிலைமை. நீங்கள் மறந்துபோய் உண்மையான ஹார்ட் என்று நினைத்து இரண்டு ஹார்ட் கேட்டு, பாட்னர் "ஸ்பேட்" என்று அறிவித்தவுடன் ஞாபகம் வந்தால், அந்த ஞாபகத்தை வைத்து நீங்கள் ஏலத்தைத் திருத்த முடியாது. அறிவிப்பைக் கேளாதவர் மாதிரியே தொடர வேணும்.

ஒரு மட்டத்தைத் தாண்டிக் கேட்கும்போது ஸ்டொப் கார்ட் வையுங்கோ, அடுத்தவர் பத்து செக்கன் பொறுத்துத்தான் பேச வேணும். ஏலக் கார்ட் வைக்கிற பெட்டி இருந்தால் எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். பக்கத்து மேசை அதே போர்டை அடுத்த சுற்றில் ஆடப்போகிறது. நீங்கள் "அந்த ஆறு ஸ்பேட்டைக் கேட்டிருக்கலாமே" என்று சத்தமாகச் சொன்னால் அவர்களுக்கு அந்தப் போர்ட் கெட்டுப்போய்விடும்.

கச்சான்காற்று எழுதியது:

மேசையில் அதிகம் நடக்கிற பிழைகளை வரிசையாகச் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: கையைத் தூக்கி டைரக்டரைக் கூப்பிடுவது. நாலு பேரும் பேசித் தீர்க்கக் கூடாது. ஐந்து மேசைக்கு ஆடாத ஒருவர் டைரக்டராக இருந்தால் மிக நல்லது.

சூட் இருந்தும் வேறு சூட் போடுவது, ரிவோக். பிழை விட்ட பக்கம் அடுத்த பிடிக்குக் கடதாசி போடாதவரை திருத்தலாம். போட்டுவிட்டால் நிலைத்துவிடும். பிழை விட்டவரே அந்தப் பிடியை எடுத்திருந்து, அவரின் பக்கம் பிறகும் ஒரு பிடி எடுத்திருந்தால் இரண்டு பிடி மறுபக்கத்துக்கு. அவர் எடுக்காமல், அவரின் பக்கம் அந்தப் பிடியையோ பிறகு ஒன்றையோ எடுத்திருந்தால் ஒரு பிடி. அந்தப் பக்கம் அதிலிருந்து ஒன்றுமே எடுக்கவில்லை என்றால் மாற்றமில்லை. பாட்னர் வேறு சூட் போட்டால் "ஸ்பேட் இல்லையா?" என்று உடனே கேட்கலாம்.

முறை மாறி லீட் செய்வது அடுத்தது. டிக்ளேரரின் எதிரணியில் முறை இல்லாதவர் முதல் லீட்டைத் திறந்து வைத்துவிட்டால் டிக்ளேரருக்கு ஐந்து தெரிவு. தானே கையை விரித்து டமியாகி, பாட்னரை ஆடவிடலாம். லீட்டை ஏற்று, டமி விரித்தபின் தன் கையிலிருந்து இரண்டாவது கடதாசி போடலாம். ஏற்காவிட்டால் சரியான ஆள் அந்தச் சூட்டைத்தான் லீட் செய்ய வேணும் என்று கேட்கலாம், அல்லது அந்தச் சூட்டைத் தடுக்கலாம். இந்த இரண்டிலும் திறந்த கடதாசி கைக்குத் திரும்பும். ஐந்தாவது, எதையும் லீட் செய்யவிடலாம், அப்போது அந்தக் கடதாசி தண்டக் கடதாசியாக மேசையிலேயே கிடக்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, முதல் லீட்டை எப்போதும் கவிழ்த்து வைப்பது. பாட்னர் "சரி" என்றபின் திருப்புங்கோ.

ஒவ்வொரு போர்டிலும் கடதாசியைக் கவிழ்த்தபடி 13 எண்ணிவிட்டுத்தான் முகம் பார்க்க வேணும். ஆடி முடியும்வரை உங்கட கடதாசி உங்கள் முன்னாலேயே இருக்கும், நடுவில் சேர்க்கக் கூடாது. வென்ற பிடி நெடுக்காக, இழந்தது குறுக்காக. நாலு பேரும் எண்ணிக்கை ஒத்துக்கொண்ட பிறகே குலையுங்கோ. ஒருவர் அவசரத்தில் கலைத்தால் ரிவோக்கா இல்லையா என்று பார்க்க வழியே இல்லை. தட்டில் திரும்ப வைக்கும்போதுதான் மிகப் பெரிய பிழை நடக்கும். கிழக்கின் கையை மேற்கின் பொக்கற்றில் வைத்துவிட்டால் அடுத்த மேசை ஆடுவது வேறொரு போர்ட். அதனால் அம்புக்குறியுள்ள பக்கம் வடக்கைப் பார்க்கத் தட்டை மேசை நடுவிலேயே வையுங்கோ, ஆடும்போதும் எடுக்கவேண்டாம்.

ஸ்கோர் தாளை வடக்கு எழுதுவார், கிழக்கு-மேற்கில் ஒருவர் பார்த்துச் சரி சொல்வார். சோடி இலக்கம், கொன்ட்ராக்ட், யார் ஆடினார், எத்தனை பிடி, கூட்டல் கழித்தல். பிறகு மடித்துத் தட்டுக்குள் வையுங்கோ. அடுத்த மேசை ஆடி முடிக்கும்வரை திறக்கக் கூடாது.

ஏகாம்பரம்வீதி எழுதியது:

மண்டபம் கேட்கப் போனால் "கடதாசி" என்றதும் காசு வைத்து ஆடுவது என்று நினைக்கிறார்கள். என்ன சொல்லிக் கேட்பது?

உவர்மலை எழுதியது:

பந்தயம் இல்லை, மேசையில் காசு இல்லை, நுழைவுக் கட்டணம் கடதாசிக்கும் தேத்தண்ணிக்கும் மட்டும் என்று எழுத்தில் கொடுங்கோ. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் பதக்கப் போட்டியாக இருந்தது, ஆண்கள் சோடிப் பிரிவில் இந்தியச் சோடி தங்கம் எடுத்தது. இதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். மாணவர்களையும் கூப்பிடுகிறோம் என்றால் இன்னும் நல்லது.

உட்துறைமுகம் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி, அச்செடுத்து வைக்கிறேன். ஒரு கேள்வி மட்டும். அன்றைக்கு பன்னிரண்டு சோடி வந்தால் ஆறு மேசைக்கு மிற்சல் அப்படியே ஓடுமா? பதினொரு சோடி வந்தால்?

கச்சான்காற்று எழுதியது:

அப்படியே ஓடாது. கிழக்கு-மேற்கு ஒன்று மேலே, போர்ட் ஒன்று கீழே என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி இரண்டு. மேசை இரட்டை எண் என்றால் பாதிச் சுற்றுக்குப் பிறகு ஆடிய போர்டையே திரும்பச் சந்திப்பார்கள். ஆறு மேசையில் மூன்றாம் சுற்று முடிந்ததும் கிழக்கு-மேற்கு ஒரு மேசையைத் தாண்டி இரண்டு மேசை போக வேணும், அதன் பின் வழக்கம்போல் ஒன்று. ஐந்து சுற்றோடு நிறுத்துங்கோ, ஆறாவது சுற்றில் முதல் சுற்று எதிரணியையே திரும்பச் சந்திப்பார்கள். நாலு போர்ட் வீதம் ஆறு மேசைக்கு 24 தட்டு வேணும், ஒரு சோடி ஆடுவது 20தான். தாண்டும் சுற்றை டைரக்டர் மறந்தால் நாலாம் சுற்றில் எல்லா மேசையும் ஒரேயடியாக நிற்கும். மூன்றாம் சுற்று தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கோ.

பதினொன்று என்றால் அதே ஆறு மேசை அமைப்பில் ஆறாம் மேசையின் வடக்கு-தெற்கு வெறுமை. அங்கே வரும் சோடி ஒரு சுற்று ஓய்வு, நாலு போர்ட் குறையும். சில போர்டுக்கு ஐந்து ஸ்கோர், சிலதுக்கு நாலு வரும் என்பதால் புள்ளியை அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொரு போர்டையும் தனித்தனியே சதவீதமாக்கி, ஆடிய போர்டுகளின் சராசரியை எடுங்கோ. ஓய்வு எடுத்த சோடி 16 போர்டால் வகுக்கும், மற்றவர்கள் 20ஆல். நாலு தட்டு கூடுதலாகச் செய்து, கடதாசியும் நாலு கட்டு மேலதிகமாக வாங்கி வைத்தால் பத்தோ, பதினொன்றோ, பன்னிரண்டோ, எது வந்தாலும் சமாளிக்கலாம்.